லாரி வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணி: அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கா?

மயிலாடி வழியாக நாகர்கோவிலுக்கு டூவீலரில் போய் வருகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். வானம் வெளுத்திருக்கும். ரோடு மட்டும் ஈரமாக இருக்கும். எதிரே ஒரு டிப்பர் லாரி வரும். அது கடந்து போகும் அந்த ஒரு நொடியில் செம்மண்ணும் கல்தூளும் கலந்த தண்ணீர் ஹெல்மெட் கண்ணாடியை அப்படியே மூடிவிடும்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு ஸ்கூட்டர் விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் நகரும். கண்ணாடியைக் கையால் துடைத்து மறுபடி பார்வை கிடைக்க 2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 28 மீட்டர் தாண்டியிருக்கும். இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால்கூட அவ்வளவு நீளம் வராது. அத்தனை தூரமும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

"மழைன்னா தண்ணி தெறிக்கத்தான் செய்யும், அதுக்கு யாரைப் போய்க் கேக்க முடியும்?" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் பதில். ஆனால் கேட்க முடியும். கேட்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. தண்ணீர் தெறிப்பது ஏன், சட்டத்தில் என்ன இருக்கிறது, அது ஏன் ரோட்டுக்கு வருவதில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மயிலாடிக்கு இது ஏன் பெரிய விஷயம்?

கல் சிற்பத்துக்குப் பேர் போன ஊர் மயிலாடி. நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் தாண்டி அஞ்சுகிராமம் போகும் வழியில் இருக்கிறது. சிற்பக் கூடங்களுக்குக் கல் வர வேண்டும், செய்த சிலை வெளியூர் போக வேண்டும். லாரி இல்லாமல் இந்த ஊரின் தொழிலே இல்லை. அதனால் 'லாரியே வேண்டாம்' என்று இங்கே யாரும் சொல்லிவிட முடியாது. லாரி எப்படி ஓட வேண்டும் என்பதுதான் கேள்வி.

இதோடு ஜல்லி, எம்-சாண்ட், பாறாங்கல் ஏற்றிக் கேரளாவுக்குப் போகும் கனரக லாரிகளும் குமரி மாவட்டச் சாலைகளில் ஓடுகின்றன. திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞம் துறைமுகத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவர் கட்ட ஏராளமான கல் தேவைப்பட்டது. அதிக பாரம், அதிவேகம், மூடாத லோடு என்று இந்த லாரிகள் மீது மாவட்டத்தில் பல வருடங்களாகப் புகார் இருக்கிறது.

2024 மார்ச்சில் விழிஞ்ஞம் அருகே முக்கோலையில், துறைமுகத்துக்குப் போன டிப்பர் லாரியில் இருந்து கல் விழுந்து, ஸ்கூட்டரில் போன பல் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அன்று விழுந்தது கல். மழை நாளில் தெறிப்பது தண்ணீர். இரண்டிலும் லாரியில் இருந்து வெளியேறும் ஒன்று, பக்கத்தில் போகிறவரின் உயிருக்கு ஆபத்தாகிறது.

மழைக் கணக்கும் குமரிக்குத் தனி. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். குமரிக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் உண்டு. அதாவது வருடத்துக்கு இரண்டு 'தெறிப்பு சீசன்'.

தேசிய அளவிலும் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

ஒரு டயர் எவ்வளவு தண்ணீரைத் தூக்கும்?

ஒரு சின்னக் கணக்கு. லாரி டயரின் அகலம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டில் தேங்கியிருக்கும் தண்ணீர் வெறும் 1 மில்லிமீட்டர். லாரியின் வேகம் 60 கிலோமீட்டர். இந்த நிலையில் அந்த ஒரு டயர் விநாடிக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருக்கும். மூன்று விநாடிக்கு ஒரு குடம்! 10 சக்கர லாரியை மனதில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

இப்படி ஒதுங்கும் தண்ணீர் இரண்டு விதமாக வெளியே வருகிறது.

முதலாவது, வாரி அடிப்பது. டயர் மிதித்த தண்ணீர் முன்னாலும் பக்கவாட்டிலும் அலைபோலப் பாயும். பெரிய துளிகள், தாழ்வாகப் போகும். ஓரத்தில் நடப்பவர், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் நனைவது இதனால்தான்.

இரண்டாவது, புகைபோல எழுவது. டயரின் பள்ளங்களில் ஒட்டிக்கொண்ட தண்ணீர் சக்கரத்தோடு சுற்றி மேலே போய்த் தெறிக்கும். அது சேஸிஸ் மீதும் மட்கார்டு மீதும் மோதிப் பொடிப்பொடியாக உடையும். லாரியைச் சுற்றி வீசும் காற்று அந்தத் துளிகளை அப்படியே தூக்கிக்கொண்டு போகும். லாரிக்குப் பின்னால் வெள்ளைத் திரை போலத் தெரிவது இதுதான். ஓவர்டேக் பண்ணப் போகிறவருக்கு எதிரே வரும் வண்டி தெரியாமல் போவதும் இதனால்தான்.

வேகம் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. 60 கிலோமீட்டரில் போகும் லாரி 40-க்குக் குறைத்தால், டயரில் இருந்து கிளம்பும் ஒவ்வொரு துளியின் ஆற்றலும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காசு செலவில்லாத தீர்வு இது ஒன்றுதான்.

சட்டத்தில் என்ன இருக்கு?

நேரடியாகச் சொன்னால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் தண்டனைப் பிரிவுகளில் 'தண்ணீரை வாரி இறைத்தல்' என்று தனிக் குற்றம் கிடையாது. ஆனால் தெறிப்பு தானாக வருவதில்லை. அதை உண்டாக்கும், அல்லது அதன் ஆபத்தைக் கூட்டும் காரணங்கள் ஐந்து இருக்கின்றன. ஐந்துக்கும் ஏற்கெனவே சட்டப் பிடி உண்டு.

1. மட்கார்டும் ரப்பர் ஃபிளாப்பும்: உடைந்து தொங்கும் மட்கார்டு, கிழிந்துபோன ஃபிளாப், டயர் மாற்ற வசதியாகக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டாத தகடு. பின்னால் வருகிறவருக்கு ஆபத்து தரக்கூடிய குறையோடு வண்டி ஓட்டுவதைச் சட்டத்தின் 190(1) பிரிவு குற்றமாக்குகிறது. 'எனக்குத் தெரியாது' என்று தப்பிக்க முடியாது. சாதாரணக் கவனம் இருந்தாலே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறை என்றால் போதும். அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது காயம் என்றால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. டயர்: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 94-வது விதிப்படி லாரி டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டூவீலருக்கு 0.8. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மொட்டை டயரால்தான் தண்ணீர் அதிகம் தெறிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தெறிப்பில் பார்வை மறைந்து முன்னால் போகும் ஸ்கூட்டர் தடுமாறும்போது, பின்னால் வரும் லாரி நிற்க வேண்டும் இல்லையா? ஈர ரோட்டில் மொட்டை டயர் அங்கேதான் கைவிடும்.

3. வேகம்: டம்பர், டேங்கர், பள்ளி வாகனங்களுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்கிறது 118-வது விதி. முன்னால் போகும் வண்டியிடம் இருந்து போதிய இடைவெளி விட வேண்டும் என்று 2017 வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன.

4. அதிக பாரம்: பாரத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிப் பெரிய சாலைச் சோதனை ஒன்று நடந்தது. ஓர் அச்சின் மீது ஏறும் எடை கூடும்போது சாலைக்கு வரும் சேதம் தோராயமாக அதன் நான்காம் மடங்கில் கூடும் என்பது அதில் கிடைத்த பாடம். அதாவது 20 சதவீதம் கூடுதல் பாரம் ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கு. சக்கரம் ஓடும் இடம் குழியும். அந்தத் தடத்தில் தண்ணீர் நிற்கும். அடுத்த லாரி அதைத்தான் வாரி இறைக்கும்.

பேச்சு வழக்கில் 'டாரஸ்' எனப்படும் 3 அச்சு, 10 சக்கர லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018 வரை 25 டன். அந்த வருடம் அது 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதற்கும் மேல் ஏற்றினால் 194-வது பிரிவுப்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 5 டன் கூடுதல் என்றால் 30,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

5. சாலை: தார்ச் சாலை நடுவில் உயர்ந்து இரு ஓரமும் சாய்ந்திருக்க வேண்டும். 100-க்கு 2 முதல் 2.5 வரை சாய்வு என்பது வழக்கமான அளவு. 7 மீட்டர் அகல ரோட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 7 முதல் 9 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஓரத்து மண் உயர்ந்துவிட்டாலோ, ஓடை அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் இறங்க வழியில்லை. இதற்கு லாரிக்காரரைத் திட்டிப் பயனில்லை. சாலையை வைத்திருக்கும் துறையின் பொறுப்பு அது. 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பு, பராமரிப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இவை எல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்கும் தொகைகள். சில குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே கட்டி முடிக்கும் சமரசக் கட்டணத்தை மாநில அரசு தனியாக நிர்ணயிக்கும்.

அப்புறம் ஏன் யாரும் பிடிக்கிறதில்லை?

முதல் காரணம், சாட்சி காய்ந்துவிடுகிறது. பாரம் அதிகமா என்று எடைமேடையில் நிறுத்திப் பார்க்கலாம். வேகத்தைக் கேமராவில் பிடிக்கலாம். தெறித்த தண்ணீர் பத்து நிமிடத்தில் இருந்த இடம் தெரியாது. எந்த லாரி, எவ்வளவு தண்ணீர் என்று அளந்து காட்ட ரோட்டோரத்தில் ஒரு கருவியும் இல்லை.

இரண்டாவது, நேரம். கொட்டும் மழையில் கனரக லாரியை ஓரங்கட்டி நிறுத்துவது சோதனை செய்கிறவருக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து. அதனால் தெறிப்பு நடக்கும் நேரத்தில் சோதனை நடக்காது. சோதனை நடக்கும் நேரத்தில் தெறிப்பு இருக்காது.

மூன்றாவது, பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. வேகமும் ஓட்டும் விதமும் போக்குவரத்து போலீஸ். வண்டியின் தகுதி, எஃப்.சி. எல்லாம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அதாவது, ஊரில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர். கனிம லோடின் நடைச்சீட்டு கனிமவளத் துறை. ரோட்டில் தேங்கும் தண்ணீர் நெடுஞ்சாலைத் துறை. ஊருக்குள் ஓடை பேரூராட்சி. ஸ்கூட்டர்காரரின் முகத்தில் அடிப்பது என்னவோ ஒரே தண்ணீர்தான்.

நான்காவது, டிரைவரின் நிலைமை. நடைக்கு இவ்வளவு என்று படி வாங்குகிறவருக்கு மழையில் வேகத்தைக் குறைத்தால் ஒரு நடை போச்சு. கிழிந்த ஃபிளாப்பை மாற்ற வேண்டியவர் ஓனர். ரோட்டில் நின்று அபராதமும் வசவும் வாங்குகிறவர் டிரைவர்.

வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பிரிட்டன் ஒரு சுலபமான வழியைப் பிடித்தது. தெறித்த தண்ணீரை அளப்பதை விட்டுவிட்டு, அதைத் தடுக்கும் பொருளை அளந்தது. 1986 வாகனக் கட்டுமான விதிகளின்படி 12 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளுக்குத் தெறிப்புத் தடுப்புச் சாதனம் கட்டாயம். விதிவிலக்குகள் சில உண்டு. சாதாரண ரப்பர் தகடு அல்ல அது. உள்பக்கம் புல் முளைத்த மாதிரி இருக்கும். மோதும் துளி உடைந்து புகையாகாமல், வேகம் இழந்து கீழே வழியும். ஐரோப்பிய ஒன்றியமும் 2011-ல் 109-ஆம் எண் ஒழுங்குமுறையில் இதற்கு விரிவான அளவுகள் வைத்தது. சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ஃபிளாப்பின் கீழ் விளிம்பு தரையில் இருந்து சாதாரணமாக 20 சென்டிமீட்டருக்கு மேல் தூக்கி நிற்கக் கூடாது என்பது அதில் ஒன்று.

இதன் அழகு என்னவென்றால், இதைச் சோதிக்க மழையே வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில், ஷெட்டுக்குள், ஓர் அடி ஸ்கேல் இருந்தால் போதும். பிரிட்டனில் லாரிகளின் வருடாந்திரச் சோதனையிலேயே இதைப் பார்த்துவிடுகிறார்கள்.

ஜப்பான் ஓட்டும் விதத்தைப் பிடித்தது. அங்கே சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் ஓட்டும்போது மற்றவர் மீது தெறிக்காதபடி மெதுவாகப் போக வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது. மீறினால் பெரிய வண்டிக்கு 7,000 யென், சாதாரண காருக்கு 6,000 யென்.

அமெரிக்காவின் கதை வேறு. 1982-ல் தெறிப்புத் தடுப்புக்குத் தரநிலை கொண்டுவரச் சொல்லி அங்கே சட்டம் வந்தது. சோதித்துப் பார்த்த சாதனங்கள் எல்லாச் சூழலிலும் பார்வையைத் தெளிவாக்கும் என்று உறுதியாகவில்லை என, 1988-ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. சாதனம் மட்டுமே மாயம் செய்துவிடாது. வேகமும் சாலையும் சேர்ந்தால்தான் பலன் என்பதையும் இதில் இருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம்ம ஊரில் நடக்குமா?

நடந்திருக்கிறது. லாரிக்கு வெளியே ஒரு மீட்டர் வரை கம்பி நீட்டிக்கொண்டு போக முன்பு விதியே அனுமதித்தது. 'கம்பி லோடுன்னா நீட்டிக்கிட்டுதான் இருக்கும்' என்று எல்லோரும் பழகியிருந்தார்கள். 2014-ல் அந்த அனுமதி எடுக்கப்பட்டது. இன்று உடலைத் தாண்டி லோடு நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம்.

சாலைப் பாதுகாப்பு வழக்குகளில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பெருமை உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில்தான், 2014-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அதிக பாரம், அதிவேகம் ஆகியவற்றுக்கு லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2015-ல் மாநிலங்களுக்குச் சொன்னது அந்தக் குழுதான்.

அதே வழியில் தெறிப்புக்கும் செய்யக்கூடியது கடினமான வேலை இல்லை. 8 வருடம் ஆன லாரி வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி.க்கு வந்தே ஆக வேண்டும். புது லாரி 2 வருடத்துக்கு ஒருமுறை. அப்போது மட்கார்டையும் ஃபிளாப்பையும் குனிந்து பார்க்கலாம். குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் என இரண்டு போக்குவரத்து அலுவலகங்கள் இருக்கின்றன. மே மாத இறுதியிலும் செப்டம்பர் கடைசியிலும், அதாவது இரண்டு மழைக்கும் முன்னால், குவாரி வாசலிலும் எடைமேடையிலும் நிறுத்திப் பார்த்தாலே போதும். மழையில் ரோட்டில் நின்று லாரியைத் துரத்த வேண்டியதில்லை.

புகார் எப்படிக் கொடுப்பது?

'லாரி தண்ணி அடிச்சிட்டுப் போச்சு' என்று மட்டும் எழுதினால் அந்த மனு எந்த மேசையிலும் நிற்காது. காரணத்தை எழுத வேண்டும்.

- மட்கார்டு உடைந்திருந்தது, டயர் மொட்டை, தார்ப்பாய் இல்லை என்றால்: வண்டி எண், இடம், நேரத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு.
- அதிவேகம், ஆபத்தாக ஓட்டியது என்றால்: போலீஸுக்கு. அவசரம் என்றால் 112. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, உயிருக்கு ஆபத்து தரும்படி கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கு 6 மாதம் வரை சிறை என்கிறது.
- ஒரே இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்றால்: எந்த வளைவு, எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்று படத்தோடு நெடுஞ்சாலைத் துறைக்கோ பேரூராட்சிக்கோ. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.
- எந்தத் துறை என்றே தெரியவில்லை என்றால்: முதல்வரின் முகவரி உதவி எண் 1100, அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் ஆட்சியர்தான் என்பதால் அங்கே கொடுக்கும் மனுவுக்கு எடை அதிகம்.

ஓட்டிக்கொண்டே படம் எடுக்க வேண்டாம். பின்னால் இருப்பவர் எடுக்கலாம், அல்லது நிறுத்திவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

டூவீலர்காரர்கள் கவனிக்க வேண்டியது

ஈர ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போக வேண்டாம். அந்தத் தண்ணீர்த் திரைக்கு உள்ளே இருக்கும் உங்களை லாரி டிரைவரும் கண்ணாடியில் பார்க்க முடியாது. எதிரே லாரி வருவது தெரிந்ததுமே ஆக்சிலேட்டரைக் குறைத்து, முடிந்தவரை இடது ஓரம் போய்விடுங்கள். தண்ணீர் அடித்த அந்த நொடியில் சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டிலையும் திருப்பாதீர்கள்.

மயிலாடி மாதிரி கல் வேலை நடக்கும் ஊர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கல்தூள் கலந்த தண்ணீரைக் கையுறையாலோ கர்ச்சீப்பாலோ அழுத்தித் துடைத்தால் ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் விழும். அந்தக் கீறல் ராத்திரி எதிர் வெளிச்சத்தில் கண்ணைக் கூச வைக்கும். வண்டியை நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகு துடைப்பதே நல்லது.

மழையை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் கிழிந்த ஃபிளாப்பை வெயில் காலத்திலேயே மாற்றிவிடலாம். அடுத்த சாரலுக்கு முன்னால் அதைக் குனிந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.